பியானோக்காவின் நூறு

பியானோக்காவுக்குப் பியானோ வாசிக்கத் தெரியாது. பக்கத்தில் நின்று பார்த்ததுகூடக் கிடையாது. கை சும்மா இருக்காது, அவ்வளவுதான் அந்தப் பெயருக்குக் காரணம். பஸ்ஸில் உட்கார்ந்தால் மடியில் இருக்கும் பையின் மேல் தாளம். லிஃப்டுக்குக் காத்திருந்தால் சுவரில் தாளம். யாராவது சாவகாசமாகக் கதை பேச ஆரம்பித்தால் அவர்களுடைய மேஜையிலேயே தாளம். வலது கையின் நடு மூன்று விரல்கள் மட்டும் தட்டும். கட்டை விரலும் சுண்டு விரலும் அழைக்காத வீட்டுக்கு வந்துவிட்ட விருந்தாளிகளாக ஓரமாய் ஒதுங்கி நிற்கும். ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், "அக்கா, நீங்க என்ன பியானோ கத்துக்கறீங்களா?" என்று வெகுளியாகக் கேட்டாள். அன்றோடு பியானோக்காவின் சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் தங்கிவிட்டது.

அந்த மூன்று விரல்கள்தான் பத்தொன்பது வருஷமாக அவளுக்குச் சோறு போட்டன. வேலையைச் சொன்னால் கேட்கிறவர்களுக்குக் கொட்டாவி வரும். ரத்தத்தில் இருக்கும் வெள்ளையணுக்களை வகை பிரித்து எண்ணுவது. முக்கால்வாசி ரத்தத்தை மெஷினே எண்ணிவிடும். மெஷினுக்குச் சந்தேகம் வந்தால் மட்டும் மனிதரைக் கூப்பிடும். அந்த மட்டில் அதற்கு நல்ல புத்தி. அப்போது ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் இழுத்துப் பூசி, சாயம் ஏற்றி, மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் வைத்து, நூறு வெள்ளையணுக்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, இது இன்ன வகை, இது இன்ன வகை என்று சொல்ல வேண்டும். புத்தகத்தில் அவற்றுக்கு வாயில் நுழையாத பெயர்கள் உண்டு. பியானோக்கா வைத்த பெயர்கள் சுலபமானவை. கிருமி வந்தால் முதலில் ஓடிப்போய் மல்லுக்கட்டுகிறவன் போலீஸ். உருண்டையாக, வழவழவென்று இருப்பவன் மொட்டை. எல்லாரையும்விடப் பெரிதாக ஊதிக் கிடப்பவன் குண்டன். எப்போதாவது தலைகாட்டும் மற்றவர்கள் சில்லறைகள். கூடம் முழுக்க இப்போது இந்தப் பெயர்கள்தான் புழங்குகின்றன. பெரிய டாக்டரம்மாவே ஒருமுறை வாய் தவறி மாணவர்கள் முன்னால் "போலீஸ் குறைஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டு, அப்புறம் இருமினார்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. கண் இரண்டும் மைக்ரோஸ்கோப்பில் ஒட்டியிருக்கும். இடது கை திருகைப் பிடித்து ஸ்லைடை நகர்த்திக்கொண்டே இருக்கும். வலது கை, எண்கள் மட்டும் உள்ள சின்னக் கீபேடின் மேல் கிடக்கும். போலீஸைக் கண்டால் ஆள்காட்டி விரல் தட்டும். மொட்டைக்கு நடுவிரல், குண்டனுக்கு மோதிர விரல். சில்லறைகளுக்குக் கீழ் வரிசை. நூறு முடிந்ததும் கம்ப்யூட்டர் 'டிங்' என்று ஒரு மணி அடிக்கும். நடுவில் கண்ணை எடுக்கவே கூடாது. எடுத்தால் ஸ்லைடில் எந்த இடத்தில் விட்டோம் என்பது போய்விடும், எண்ணியதையே எண்ணுவோம். பியானோக்கா பதினாறு வயதில் டைப்ரைட்டிங் வகுப்பில் கண்ணைக் கட்டிக்கொண்டு அடித்துப் பரிசு வாங்கியவள். அவளுக்கு இதெல்லாம் தண்ணீர் குடிக்கிற மாதிரி. பக்கத்து நாற்காலிக்காரரோடு வம்பளந்துகொண்டே நூறு எண்ணி, வம்பும் முடிய மணியும் அடிக்கும்.

அப்படிப்பட்டவள்தான் அந்தக் கீபேடுகளைத் தூக்கி எறியச் சொன்னாள் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் அதுதான் நடந்தது.

ஆஸ்பத்திரியில் கிருமித் தடுப்புப் பிரிவு என்று ஒன்று உண்டு. அங்கிருந்து ஒரு அம்மா பஞ்சு சுற்றிய குச்சிகளோடு வந்து எல்லாருடைய கீபேடுகளையும் தடவிக்கொண்டு போனார். நாலு நாள் கழித்து முடிவு வந்தது. கழிப்பறைக் கதவின் பிடியில் இருந்ததைவிட அதிகக் கிருமி பியானோக்காவின் கீபேடில்தான் இருந்ததாம். அவளுக்கு மானம் போயிற்று. அந்த வாரமே கூட்டம் போட்டார்கள். கீபேடுக்குப் பதில் தொடுதிரை வைக்கலாமா, வேண்டாமா?

வேண்டாம் என்று சொன்னவர் ஒரே ஒருவர். ஐம்பதைத் தாண்டிய டெக்னீஷியன். எதைச் சொன்னாலும் பாதி வாய்க்குள்ளேயே தங்கிவிடுவதால் அவருக்கு முணுமுணு என்று பெயர்.

"கண்ணு அங்க இருக்கும், கை இங்க இருக்கும்," என்று முணுமுணுத்தார். "வழவழன்னு கண்ணாடி. கை எந்த இடத்துல நிக்குதுன்னு எப்படித் தெரியும்?"

பியானோக்கா வரிந்து கட்டிக்கொண்டு எழுந்தாள். "சார், உங்க ஃபோனே இன்னும் பட்டன் ஃபோன்தானே!"

எல்லாரும் சிரித்தார்கள். முணுமுணுவும் கொஞ்சம் சிரித்தார், பாவம். சிரிப்பு அடங்குவதற்குள் அவள் தன் அக்காவைப் பற்றிச் சொன்னாள். அக்காவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. எழுத்தும் போய்விட்டது, கீபோர்டை முன்னால் வைத்தால் எந்த எழுத்து எது என்று தெரியாமல் அழுதுவிடுவாள். ஒரு டேப்லெட்டில் படங்களாகப் போட்டுக் கொடுத்தார்கள். தண்ணீர் வேண்டுமா, டம்ளர் படத்தைத் தொட வேண்டியது. வெளிச்சம் கண்ணைக் கூசுகிறதா, ஜன்னல் படம். ஒரே மாதத்தில் அக்கா பழையபடி வீட்டை ஆட்டிவைக்க ஆரம்பித்துவிட்டாள். வாயை மூடிக்கொண்ட ஒரு முகத்தின் படம் அதில் உண்டு. பியானோக்காவின் புருஷன் பாட ஆரம்பித்தால் அக்கா அதைத்தான் முதலில் தொடுவாள்.

"மௌஸ் பிடிக்கத் தெரியணுமா, எழுத்துத் தெரியணுமா? ஒண்ணும் வேண்டாம். விரல் இருந்தாப் போதும்," என்றாள் பியானோக்கா. "அதுவும் நமக்குக் கண்ணாடின்னா ஒரு தடவை தொடைச்சா பளிச்சுன்னு ஆயிடும். சந்துபொந்துல கிருமி தங்காது. இன்னும் என்ன யோசனை?"

அவள் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. டேப்லெட்டில் படத்தைத் தொடும்போது அக்காவின் கண் அந்தப் படத்தின் மேல் இருக்கிறது என்பதை மட்டும் அவள் யோசிக்கவில்லை. பெரிய டாக்டரம்மாவும் யோசிக்கவில்லை. தலையாட்டிவிட்டார்.

திங்கட்கிழமை ஆறு மேஜைகளுக்கும் தொடுதிரை வந்தது. கண்ணாடிக்குள் ஆறு கட்டங்கள், ஒவ்வொன்றும் ஒரு நிறம், பழைய கீபேடின் வரிசையிலேயே. தொட்டால் 'டொக்' என்று ஒரு போலிச் சத்தம். ஆறு பேரும் ஒரே நேரத்தில் எண்ண ஆரம்பித்ததும் கூடமே தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை பெய்கிற மாதிரி ஆகிவிட்டது. பியானோக்காவுக்குத் தலைவலி. "இந்தக் கண்றாவியை நிறுத்துங்கப்பா" என்று அவளே போய் எல்லாத் திரைகளிலும் சத்தத்தை நிறுத்தினாள், மணியை மட்டும் விட்டுவிட்டு.

அன்று முதல் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பத்து அணு எண்ணுவாள். கை கட்டத்தில்தான் இருக்கிறதா என்று சந்தேகம் வரும். கண்ணை எடுத்துத் திரையைப் பார்ப்பாள். கை சரியாகத்தான் இருக்கும். திரும்பக் கண்ணை வைத்தால் ஸ்லைடில் இடம் தவறியிருக்கும். மறுபடியும் முதலிலிருந்து. செவ்வாய்க்கிழமை மதியத்துக்குள் நாற்காலியின் உயரத்தை எட்டு முறை மாற்றினாள். வீட்டில் புருஷன், "ஏன் பொறியில மாட்டின எலி மாதிரி நடந்துக்கிட்டே இருக்க? உக்காரேன்," என்றார். அக்கா டேப்லெட்டில் நாற்காலியின் படத்தைத் தொட்டுக் காட்டினாள். பியானோக்கா இரண்டு பேரையும் முறைத்துவிட்டுப் போய் ஏற்கெனவே மடித்த துணிகளைப் பிரித்துத் திரும்ப மடித்தாள்.

இந்த நேரத்தில் கூடத்துக்குப் போய், "கஷ்டமா இருக்கு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. பட்டன் ஃபோன் என்று கேலி பேசிய வாயாயிற்றே! புதன்கிழமை முதல் வீம்பாகக் கீழே பார்ப்பதையே நிறுத்திவிட்டாள். டைப்ரைட்டிங்கில் பரிசு வாங்கியவளுக்கு இந்த ஆறு கட்டம் ஒரு பொருட்டா?

வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு நாற்பத்தேழு வந்தது.

நாற்பத்தேழு ஒரு நோயாளியின் எண்ணுடைய கடைசி இரண்டு இலக்கம். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றும் பகல் வார்டிலிருந்து வருகிற ரத்தம். ஏழு மாதமாக ஒரு வியாழன் விட்டு ஒரு வியாழன் வந்துகொண்டிருந்தது. ஆணா பெண்ணா, கறுப்பா சிவப்பா, எதுவும் பியானோக்காவுக்குத் தெரியாது. ஆனால் அந்த ரத்தத்தைத் தெரியும். மருந்து ஏறியதும் போலீஸ் எல்லாரும் விழுந்துவிடுவார்கள். அடுத்த வியாழனுக்குள் தட்டுத் தடுமாறி எழுந்து வருவார்கள். போதுமான அளவு எழுந்துவிட்டார்கள் என்று அவள் எண்ணிச் சொன்னால்தான் அடுத்த மருந்து. எழுந்திருக்காத ஆளுக்கு மருந்தை ஏற்றினால், அப்புறம் ஒரு சாதாரணச் சளிகூட ஆளைக் கொண்டுபோய்விடும். ஒவ்வொரு முறையும் போலீஸ்காரர்களைப் பார்த்தால் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு குஷி. "வந்துட்டீங்களாடா" என்று வாய்விட்டே சொல்லுவாள்.

அன்றைக்கு எண்ண ஆரம்பித்தபோது கூடத்தில் ஒரே பரபரப்பு. ஃபோன் மேல் ஃபோன். புதுப் பெண் ஏதோ ஒரு டப்பாவைத் தேடிக்கொண்டு குறுக்கும் நெடுக்குமாக ஓடிக்கொண்டிருந்தாள். பியானோக்கா எண்ணினாள், எண்ணினாள், மணி அடிக்கவில்லை. வழக்கத்தைவிட நேரமாகிறதே என்று தோன்றியது. சட்டென்று எரிச்சல் வந்தது. இந்தத் திரையில் எல்லாமே நேரமாகிறது என்று நினைத்துக்கொண்டாள். 'டிங்.' போலீஸ் எழுபத்தொன்பது. மொட்டை இருபத்தொன்று. மற்றதெல்லாம் பூஜ்யம். நல்ல கணக்கு. பச்சைக் குறியைத் தொட்டு அனுப்பிவிட்டு அடுத்த ஸ்லைடை எடுத்தாள்.

பதினோரு மணிக்குக் கேன்டீனில் டீயை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வலது கையை உதறினாள். பிறகு இடது கையால் நடுவிரலைப் பிடித்து நீவிவிட்டாள். எதிரில் இருந்த புதுப் பெண், "என்னக்கா, சுளுக்கா?" என்றாள்.

"காலைல ஒருத்தருக்கு மொட்டை எக்கச்சக்கம். தட்டித் தட்டி விரலே போச்சு."

சொல்லிக்கொண்டே டீயை வாய்க்குக் கொண்டுபோனவள் பாதியில் நிறுத்தினாள். யாருக்கு மொட்டை எக்கச்சக்கம்? காலையில் ஐந்து ஸ்லைடு. ஒவ்வொன்றாக நினைவில் ஓட்டினாள். ஐந்திலும் போலீஸ்தான் அதிகம் என்று ரிப்போர்ட் போயிருக்கிறது. போலீஸுக்கு ஆள்காட்டி விரல். ஆள்காட்டி விரல் நன்றாகத்தானே இருக்கிறது? நடுவிரல் ஏன் வலிக்கிறது? குண்டன் பூஜ்யம் என்று வந்ததே, ஏழு மாதத்தில் நாற்பத்தேழுக்குக் குண்டன் இல்லாத நாள் எது?

டீயை அப்படியே கீழே வைத்தாள். கை கட்டத்தில் இல்லை. ஒரு கட்டம் இடப்பக்கம் நழுவியிருக்கிறது. நடுவிரல் தட்டிய மொட்டையெல்லாம் போலீஸ் கட்டத்தில் விழுந்திருக்கிறது. மோதிர விரல் தட்டிய குண்டனெல்லாம் மொட்டைக் கட்டத்தில். ஆள்காட்டி விரல் கட்டத்துக்கு வெளியே, வெறும் கண்ணாடியைத் தட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. அதனால்தான் மணி அத்தனை தாமதம். கீபேடாக இருந்தால் விளிம்பு தட்டுப்பட்டிருக்கும். சத்தமாவது இருந்திருந்தால் ஒரு விரல் ஊமையாகிவிட்டது தெரிந்திருக்கும். அந்தச் சத்தத்தையும் அவளேதான் நிறுத்தினாள்.

கேன்டீன் சுவரில் இருந்த ஃபோனை எடுத்து வார்டுக்கு அடித்தாள். லைன் பிஸி என்கிற சத்தம். மறுபடியும் அதே சத்தம். ரிசீவரை வைத்தாளா, தொங்கவிட்டாளா என்று அவளுக்கே தெரியாது. ஓடினாள். வார்டு எதிர்க் கட்டிடத்தில், தரைத் தளத்தில். நாற்பத்தாறு வயதில், மூட்டு வலிக்குத் தைலம் தேய்க்கிற காலோடு, வெள்ளைக் கோட்டு பறக்க ஓடினாள். சக்கர நாற்காலி தள்ளுகிறவர், "மெதுவா, மெதுவா!" என்று கத்தினார். காதில் விழவில்லை.

வார்டின் தலைமை நர்ஸ் கறாரான மனுஷி. மேஜையில் டேப்லெட்டை வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"நாற்பத்தேழுக்கு மருந்து ஆரம்பிச்சாச்சா?"

"வாந்தி வராம இருக்கற ஊசி போட்டாச்சு. மருந்து இப்போ மாட்டணும். ஏன்?"

"மாட்டாதீங்க. ரிப்போர்ட் தப்போன்னு சந்தேகமா இருக்கு."

தலைமை நர்ஸ் டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினார். "பச்சை டிக் விழுந்திருக்கு. நீங்கதான் போட்டிருக்கீங்க. எதை வெச்சுத் தப்புங்கறீங்க?"

பியானோக்காவுக்கு மூச்சு வாங்கியது. சொல்லுவதற்கு ஏதாவது கௌரவமான காரணம் இருக்கிறதா என்று தேடினாள்.

"என் நடுவிரல் வலிக்குது," என்றாள்.

"ஐஸ் வெச்சுக்கோங்க," என்றார் தலைமை நர்ஸ்.

பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். பியானோக்கா முன்னும் பின்னுமாகக் குழறிக் கொட்டியதை முழுதாகக் கேட்டார். புரிந்ததா என்று சொல்ல முடியாது. ஆனால் இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். "சந்தேகம்னு ஒரு வார்த்தை வந்துட்டா நான் நிறுத்தித்தான் ஆகணும். காரணம் எழுதிக் கையெழுத்துப் போடுங்க. அரை மணி நேரம். அதுக்குள்ள சரின்னோ தப்புன்னோ எனக்கு எழுத்துல வரணும்."

பத்தொன்பது வருஷத்தில் அவள் பேரில் இப்படி ஒரு காகிதம் எழுதப்பட்டது இல்லை. விரல் வலி என்பது பிரமையாகக்கூட இருக்கலாம். அப்படியானால் சிரிப்பாய்ச் சிரித்துவிடும். உண்மையாக இருந்தாலோ அவளுடைய தப்பை அவளே எழுதிக் கொடுத்த மாதிரி. 'எண்ணும்போது என் கை இடம் மாறியிருக்கலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். நிமிர்ந்தபோது ஜன்னலோர நாற்காலியிலிருந்து ஒரு அம்மா இவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அகன்ற தோள்கள். தலையில் ஒரு முடி இல்லை. கையில் ஊசி. அந்த நாற்காலியின் மேல் நாற்பத்தேழு என்று முடியும் ஓர் எண் தொங்கியது. பியானோக்கா திரும்பி ஓடினாள்.

கூடத்தில் முணுமுணுவின் மேஜைக்கு நேராகப் போய் நின்றாள். "சார், எனக்கு இன்னிக்கு என் கை மேல நம்பிக்கை இல்ல. நான் பாத்துச் சொல்றேன், நீங்க திரையைப் பாத்துத் தொடுங்க."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மொட்டை. மொட்டை. குண்டன். மொட்டை. போலீஸ். மொட்டை." அவள் சொல்லச் சொல்ல அவர் கட்டத்தைப் பார்த்துப் பார்த்துத் தொட்டார். ஒரு பிசகு இல்லை. கண்ணும் விரலும் ஒரே இடத்தில் இருந்தால் அந்தத் திரையைப் போல ஒழுங்கான சாமான் உலகத்தில் கிடையாது. பாதியில் அவர் மெதுவாக ஏதோ முணுமுணுத்தார்.

"என்ன சார்?"

"செவ்வாய்க்கிழமை எனக்கும் ரெண்டு தடவை நழுவிச்சு. உடனே கண்டுபிடிச்சுத் திரும்ப எண்ணிட்டேன். வெளியில சொல்லல. சொன்னா மறுபடியும் பட்டன் ஃபோனுன்னு சொல்லுவீங்களே."

அவள் கண்ணை எடுக்காமல், "மொட்டை," என்றாள்.

'டிங்.' போலீஸ் பதினாலு. மொட்டை அறுபத்தெட்டு. குண்டன் பதினெட்டு.

பதினாலு. மருந்து ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். நேராகப் பெரிய டாக்டரம்மாவின் அறைக்குப் போய், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். கூட்டத்தில் முணுமுணு சார் சொன்னதுதான் சரி, தான் சொன்னது தப்பு என்பதையும் சேர்த்துச் சொன்னாள். டாக்டரம்மா வார்டுக்கு ஃபோன் போட்டு மருந்தை நிறுத்தினார். "நோயாளிகிட்ட நான் சொல்லிக்கறேன்," என்றார்.

"இல்ல மேடம். தப்பு என்னுது. நான் போறேன்."

ஜன்னலோர அம்மா நீச்சல் சொல்லிக்கொடுக்கும் டீச்சராம். ஊசியை எடுத்துவிட்ட இடத்தில் பஞ்சை அழுத்தியபடி உட்கார்ந்திருந்தார். அடுத்த மாதத்தோடு எல்லாம் முடியவிருந்தது. இப்போது ஒரு வாரம் தள்ளிப்போகிறது. பியானோக்கா விளக்கினாள். அவசரத்தில், "மொட்டையையெல்லாம் போலீஸ் கட்டத்துல போட்டுட்டேன்மா," என்று சொல்லிவிட்டு, அந்தத் தலையைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

நீச்சல் டீச்சர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "இந்தத் திரை எப்போ வந்துச்சு?"

"திங்கட்கிழமை."

"அப்போ திங்கட்கிழமையிலேர்ந்து வந்த மத்தவங்க?"

அரை மணி நேரமாக இந்த ஒரு ஆளைத் தவிர வேறு யாரையும் பியானோக்கா நினைக்கவில்லை. "தெரியலைங்க," என்றாள். "எண்ணிட்டு வந்து சொல்றேன்."

"நீங்க வர்ற வரைக்கும் நான் இங்கேயேதான் இருப்பேன்," என்றார் நீச்சல் டீச்சர்.

ஆறு டெக்னீஷியன்களும் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்தார்கள். ஒருவர் பார்த்துச் சொல்ல, ஒருவர் தொட. திங்கட்கிழமை முதல் எண்ணிய நூற்றறுபது ஸ்லைடுகளும் பெட்டியிலிருந்து வெளியே வந்தன. மதியச் சாப்பாட்டை யாரும் நினைக்கவில்லை. ஒவ்வொரு மணி அடிக்கும்போதும் பியானோக்கா எண்ணை எட்டிப் பார்த்தாள். எங்கேயாவது யாராவது ஒரு தப்பு எண்ணை நம்பி வீட்டுக்குப் போய், இந்நேரம் காய்ச்சலில் படுத்திருந்தால்? யாருக்காவது தேவையில்லாத மருந்து போயிருந்தால்? கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. புதுப் பெண், "அக்கா, மேஜை ஆடுது, ஸ்லைடு ஓடுது," என்று கெஞ்சினாள். ஏழு ஸ்லைடில் இரண்டு மூன்று அணு முன்னே பின்னே இருந்தது. சிகிச்சையை மாற்றுகிற அளவுக்கு எதுவும் இல்லை. கடைசி ஸ்லைடு முடிந்தபோது மணி ஐந்தரை.

வார்டில் வேறு யாரும் இல்லை. நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். நீச்சல் டீச்சர் செருப்பைக்கூடக் கழற்றாமல் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

"எல்லாத்தையும் பாத்துட்டோம்," என்றாள் பியானோக்கா. "வேற யாருக்கும் இல்லைங்க. உங்களுக்கு மட்டும்தான்."

"எனக்கு மட்டும்தானா?" என்றார் அவர். "வியாதி இருக்குன்னு சொன்ன அன்னிக்கும் டாக்டர்கிட்ட இதையேதான் கேட்டேன். வீட்டுல யாருக்கும் கிடையாது, எனக்கு மட்டும்தானான்னு."

பியானோக்கா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். துடைத்த ஈரம் கோட்டில் ஏறியது.

"நீங்க ஓடி வந்ததைப் பாத்தேன்," என்றார் நீச்சல் டீச்சர். "வராம இருந்திருந்தா இந்நேரம் மருந்து உள்ள போயிருக்கும். அது புரியுது. உங்க மேல கோவம் இல்ல. ஆனா ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. அடுத்த வாரம் என் ரத்தத்தை வேற யாராவது எண்ணட்டும். நீங்க எண்ணினா, ஊசி ஏறி முடியற வரைக்கும் எனக்கு பயமாவே இருக்கும்."

"சரிங்க," என்றாள் பியானோக்கா. ஏழு மாதமாக அந்த ரத்தத்தோடு பேசிக்கொண்டிருந்தவள் அவள். அந்த உரிமையைப் பற்றி வாய் திறக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை கீபேடுகள் திரும்பி வந்தன, கழுவித் துடைக்கக்கூடிய ரப்பர் உறையோடு. தொடுதிரைகளையும் எடுக்கவில்லை. சந்தேகமான அணுவை அதில் இரண்டு விரலால் பெரிதாக்கி டாக்டரம்மாவுக்குக் காட்டுகிற சுகம் கீபேடில் வருமா? எண்ணுவது மட்டும் பழையபடி. முணுமுணு யாரிடமும் ஒன்றும் சொல்லிக் காட்டவில்லை. புது ஃபோன்கூட ஒன்று வாங்கிவிட்டார், தொடுதிரை வைத்தது.

வியாழக்கிழமை காலை நாற்பத்தேழு வந்தது. பியானோக்கா ரத்தம் அடைத்த சின்னக் குழாயைக் கையில் எடுத்தாள். ஒரு கணம் வைத்திருந்தாள். பிறகு முணுமுணுவின் மேஜையில் கொண்டுபோய் வைத்தாள். அவர் ஸ்லைடு போட்டு, சாயம் ஏற்றி, எண்ணி முடிக்கும்வரை அவள் தொட்டியருகே நின்று, சுத்தமாக இருந்த கண்ணாடிக் குவளைகளை எல்லாம் திரும்பத் திரும்பக் கழுவினாள். மணி அடித்தது.

"போலீஸ் அம்பத்திரண்டு," என்றார் முணுமுணு, முணுமுணுக்காமல், கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி.

பதினோரு மணிக்கு வார்டிலிருந்து ஃபோன். புதுப் பெண் வெளியே போயிருந்ததால் பியானோக்காதான் எடுத்தாள். தலைமை நர்ஸின் குரல்.

"நாற்பத்தேழுக்கு மருந்து மாட்டப் போறோம். இந்தத் தடவை எண்ணினது யாருன்னு அவங்க கேக்கறாங்க. தெரிஞ்சாத்தான் கையை நீட்டுவாங்களாம்."

பியானோக்கா ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நான் இல்லைன்னு சொல்லுங்க," என்றாள். "தைரியமாக் கையை நீட்டச் சொல்லுங்க."